முடிச்சு மோதிரம் வாங்க ஆசைப்படும் தங்கைக்கு

அயர்லாந்தின் கால்வே நகருக்கு நர்ஸ் வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, இங்கே இருக்கும் நினைவாக, முடிச்சுப் பின்னல் போட்ட பச்சைக்கல் மோதிரம் ஒன்று வாங்க ஆசை. அந்த முடிச்சுக்கு என்ன அர்த்தம்? சாமி சம்பந்தப்பட்டதா, நாம் போடலாமா? எந்தக் கடையிலும் 22 காரட் இல்லை என்கிறார்களே, ஏன்?"

தாராளமாகப் போடலாம். நான் இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. நம் கையில் அந்த மோதிரத்தைப் பார்த்து முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை. சந்தோஷப்பட்டு, "எங்கே வாங்கினாய்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அர்த்தத்துக்கு வருகிறேன். மோதிரத்தோடு ஒரு சின்ன அட்டை தருவார்கள். இந்த முடிச்சு முடிவில்லாத காதல், அது தாய்மை, இன்னொன்று வாழ்க்கைப் பயணம் என்று அதில் அச்சடித்திருக்கும். நானும் அதை அப்படியே நம்பி ஊருக்கு எழுதியிருக்கிறேன். அப்புறம் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இங்கே பழங்காலத்தில் இருந்த கெல்ட் மக்களின் கலையில் சுழிகளும் வளைவுகளும்தான் நிறைய. இந்தப் பின்னல் 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்தும் ஜெர்மானிய மக்களிடமிருந்தும் இங்கே வந்து சேர்ந்தது. மடங்களில் இருந்த துறவிகள் நற்செய்தி நூல்களைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாக அதை வரைந்தார்கள். ஆனால் எந்த முடிச்சுக்கு என்ன பொருள் என்று அவர்கள் எழுதி வைத்த குறிப்பு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அட்டையில் இருக்கும் அர்த்தங்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும், பழைய கலைக்குப் புது மவுசு வந்த காலத்தில் சேர்ந்தவை.

அந்த மவுசு எப்படி வந்தது என்பதற்கு டாரா புரூச் நல்ல சாட்சி. கி.பி. 700 வாக்கில் செய்த உடை ஊசி அது. 1850-இல் மீத் மாவட்டத்து பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம் கிடைத்தது. பழைய அரசர்களின் டாரா குன்றுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை வாங்கிய டப்ளின் நகை வியாபாரி ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ், பெயரில் ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று டாரா என்று வைத்தார். அதே மாதிரி நகைகளைச் செய்து விற்றார். 1851 லண்டன் கண்காட்சிக்கும் அது போனது. அசலை டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. மோதிரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு லீவு நாளில் போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். விரல் நுனி அளவு இடத்தில் தங்கக் கம்பியை இழைத்து, அம்பர் என்ற மரப்பிசின் கல்லும் கண்ணாடியும் பதித்திருப்பார்கள். அதைப் பார்த்த கண்ணோடு கடைக்குப் போனால், அச்சில் வார்த்த மோதிரம் எது, கையால் செதுக்கியது எது என்று தானாகத் தெரியும்.

அதற்காக அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முடிச்சின் இழை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று மாறி மாறிப் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது. அதைப் பார்ப்பவருக்கு முடிவில்லாமை தோன்றினால் அதில் தப்பே இல்லை. ஊரில் அம்மா மார்கழியில் போடும் சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றி இழை வருவதும் இதே கணக்குதான். இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வேறு வேறு ஊரில் வேறு வேறு கைகள் கண்டுபிடித்தவை. ஆனால் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த முடிச்சு சீக்கிரம் பிடிபடும். கடையில் ஓர் ஊசி முனையால் இழையைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். சிலது ஒரே இழை. சிலது இரண்டு மூன்று தனித்தனி வளையங்கள் பின்னியது. ஒரே இழையில் முடிந்தது வேண்டும் என்றால் அப்படித் தேடித்தான் எடுக்க வேண்டும். மூன்று கூர்முனை உள்ள முடிச்சைக் கிறித்தவர்கள் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று பார்ப்பார்கள். மற்றவர்கள் தங்கள் மூன்றை நினைத்துக்கொள்வார்கள். அதைப் போடுவதற்கு யாரும் மதம் கேட்பதில்லை.

ஊரே ஒப்புக்கொண்ட அர்த்தம் உள்ள மோதிரம் வேண்டும் என்றால், நீங்கள் இருக்கும் ஊரிலேயே பிறந்தது ஒன்று இருக்கிறது: கிளாடா மோதிரம். இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்க, மேலே ஒரு கிரீடம். கை நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம். கிளாடா என்பது கால்வே ஆற்றுமுகத்தில் இருந்த பழைய மீனவக் குப்பம். ஐரிஷ் மொழியில் கல் நிறைந்த கரை என்று பொருள். கூரை வீடுகளை 1930-களில் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் மிச்சம். ரிச்சர்ட் ஜாய்ஸ் என்பவரைக் கடற்கொள்ளையர் பிடித்து அல்ஜீரியாவில் ஒரு பொற்கொல்லரிடம் விற்றார்கள், அவர் அங்கே தொழில் கற்றுத் திரும்பி வந்து இதைச் செய்தார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1700 வாக்கில் அவர் முத்திரையோடு செய்த மோதிரங்கள் இன்றும் இருக்கின்றன. பின்னல் பட்டையும் இதயத்தில் பச்சைக்கல்லுமாகச் சேர்ந்தே கிடைக்கும்.

ஆனால் இதைப் போடும் விதத்தில் கவனம் வேண்டும். வலது கையில், இதயத்தின் முனை விரல் நுனியைப் பார்த்தால் இன்னும் யாரும் இல்லை என்று பொருள். மணிக்கட்டைப் பார்த்தால் மனதில் ஒருவர் இருக்கிறார். இடது கையில் வெளியே பார்த்தால் நிச்சயம் ஆகிவிட்டது, உள்ளே பார்த்தால் கல்யாணம் ஆகிவிட்டது. வந்த புதிதில் நான் வலது கையில் முனை வெளியே பார்க்கப் போட்டிருந்தேன். கூட வேலை பார்த்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, கழற்றி, இடது கையில் திருப்பிப் போட்டுவிட்டார். "உனக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரே" என்று மட்டும் சொன்னார். இந்த ஊரில் முதன்முதலாக ஒருவர் என்னை வீட்டுப் பெண்ணாக நினைத்தது அன்றைக்குத்தான்.

இனி கல். அயர்லாந்தை மரகதத் தீவு என்பார்கள், ஆனால் அது புல்லின் நிறத்துக்காக வந்த பெயர். கடையில் இருக்கும் மரகதம் கொலம்பியா, ஜாம்பியா மாதிரி இடங்களிலிருந்து வருவது. விலை குறைந்த வெள்ளி மோதிரத்தில் இருப்பது அநேகமாகச் செயற்கைக் கல். கேட்டால் சொல்வார்கள், கேளுங்கள். மரகதத்துக்குள் இயல்பாகவே கீறல்கள் இருக்கும், எண்ணெய் ஏற்றி மறைத்திருப்பார்கள், அதனால் வெந்நீரும் அதிர்வு இயந்திரத்தில் கழுவுவதும் ஆகாது. இந்த மண்ணின் பச்சை வேண்டும் என்றால் கன்னிமாரா பளிங்கு. பக்கத்திலேயே வெட்டி எடுப்பது, ஒவ்வொரு துண்டிலும் வரி வேறு. ஆனால் மென்மையானது, புளிப்பு ஆகாது. நான் மோதிரத்தோடு ரசத்துக்குப் புளி கரைத்து, எலுமிச்சை பிழிந்து, ஒரு வருடத்தில் அதன் பளபளப்பைப் போக்கிவிட்டேன். தினமும் போட வேண்டும் என்றால் நீலக்கல் நல்ல உறுதி. நம் பக்கத்து இரத்தினபுரிக் கல்லே இங்கே கிடைக்கும். ஒன்று மட்டும்: ராசிக்கல் மோதிரத்தில் கல் விரலில் படும்படி அடிப்பக்கம் திறந்திருக்கும். இங்கே பலவற்றில் அடி மூடியிருக்கும். அம்மா ராசிக்காகக் கேட்டால் இது அதற்கு ஆகாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

டியூட்டியில் கல் வைத்த மோதிரம் கூடாது, வேலைப்பாடு இல்லாத ஒற்றை வளையம்தான் என்று உங்கள் வார்டிலும் சொல்லியிருப்பார்கள். பின்னல் இடுக்கில் அழுக்கு நிற்கும் என்பதால் அது நியாயமான விதி. லாக்கரில் வைத்துத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

22 காரட் மிருதுவானது. மெல்லிய பின்னலின் விளிம்பு சில வருடத்தில் மழுங்கிவிடும். அதனால் இங்கே 9, 14, 18 காரட்டில்தான் செய்கிறார்கள். நம் 916 மாதிரி 375, 585, 750 என்று உள்பக்கம் முத்திரை இருக்கும். டப்ளினில் சோதித்ததில் ஹிபர்னியா என்ற, உட்கார்ந்திருக்கும் பெண் உருவமும் இருக்கும். ஊரில் அடகுக் கடைக்குப் போனால் இதற்குப் பெரிய மதிப்பு கிடைக்காது. சேமிப்பு என்று நினைத்து வாங்க வேண்டாம்.

கடைசியாக அளவு. இங்கே எண் கிடையாது, எழுத்துதான்: எல், எம், என் என்று. வெளியே குளிரில் நடந்துவிட்டு உடனே அளவு கொடுக்காதீர்கள், விரல் சுருங்கியிருக்கும். சுற்றிலும் முடிச்சு ஓடும் மோதிரத்தைப் பிறகு பெரிதாக்கினால் பின்னல் அறுந்துபோகும். முன்பக்கம் மட்டும் பின்னல், உள்ளங்கைப் பக்கம் வெறும் பட்டை என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.