சுற்று நேரமும் விற்பனைச் சீட்டும்: பழைய கமாரோ, மஸ்டாங் வாங்குவோரின் கேள்விகள்

செவ்ரலே கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் நின்றுவிட்டது. எட்டு சிலிண்டர் இயந்திரத்துடன் புதிதாக வாங்கக்கூடிய பழைய போட்டியாளர் இப்போது ஃபோர்டு மஸ்டாங் மட்டுமே. ஆகவே அமெரிக்காவில் இந்த மூன்று வண்டிகளின் போட்டி இன்று பெரும்பாலும் பழைய கார் சந்தையில்தான் நடக்கிறது. விற்பவர்கள் விலையை உயர்த்திக் கேட்கும்போது காட்டும் ஆதாரம், பந்தயத் தடத்தில் நிறுவனங்கள் எடுத்துக்காட்டிய நேரங்கள். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அவற்றையும் அவை போன்ற எண்களையும் பற்றியவை.

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். 2017ஆம் ஆண்டு மாடல் கமாரோ இசட்எல்1 ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 16 விநாடியில் சுற்றிய வண்டி இதுதான் என்று சொல்லி, மற்ற இசட்எல்1 வண்டிகளைவிடக் கூடுதல் விலை கேட்கிறார் உரிமையாளர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 7 நிமிடம் 16.04 விநாடி என்ற நேரம் உண்மையானதே. ஆனால் அது இசட்எல்1 வண்டியின் நேரம் அன்று, இசட்எல்1 1எல்இ என்ற தனிப் பேக்கேஜ் பொருத்திய வண்டியின் நேரம். அந்தப் பேக்கேஜ் 2018 மாடலில்தான் விற்பனைக்கு வந்தது என்பதால், உங்களுக்குக் காட்டப்படும் 2017 வண்டி அதுவாக இருக்கவே முடியாது. சாதாரண இசட்எல்1 பத்து கியர் ஆட்டோமேட்டிக்குடன் அதே தடத்தில் எடுத்த நேரம் 7 நிமிடம் 29.60 விநாடி.

இரண்டிலும் இருப்பது ஒரே 650 குதிரைத்திறன் இயந்திரம். அப்படியிருந்தும் 13 விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்ததற்குக் காரணம் டயரும், ஷாக் அப்சார்பரும், காற்றழுத்தத்தைக் கீழ்நோக்கித் திருப்பும் பின்பக்கக் கார்பன் இறக்கையும்தான். புதிதாக வாங்கியபோது இந்தப் பேக்கேஜுக்கான கூடுதல் விலை 7,500 டாலர். இறக்கையை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள், ஏனெனில் அதை யாரும் பின்னாளில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சக்கரத்தைப் பாருங்கள்: சாதாரண இசட்எல்1 வண்டிக்கு 20 அங்குலச் சக்கரம், 1எல்இ வண்டிக்கு 19 அங்குலம், முன்னால் 305, பின்னால் 325 மில்லிமீட்டர் அகல டயர். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக விற்றபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த விற்பனைச் சீட்டைக் கேளுங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதிய காரிலும் அந்தச் சீட்டு இருந்தாக வேண்டும். எந்தெந்தப் பேக்கேஜுடன் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பது அதில் வரிவரியாக அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு தொலைந்திருந்தால், வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னைக் கொடுத்து செவ்ரலே டீலரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012இல் வந்த இசட்எல்1 வண்டிக்கு 580 குதிரைத்திறன். நியூர்பர்க்ரிங்கில் அதன் நேரம் 7 நிமிடம் 41.27 விநாடி. அதற்குப் பின் வந்த 2014 மாடல் இசட்/28 வண்டிக்கு 505 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் அதன் நேரம் 7 நிமிடம் 37.40 விநாடி. எடையைக் குறைப்பதற்காக அந்த வண்டியில் ஏசியைக்கூடக் கேட்டு வாங்கும் பொருளாக்கி, ஒலிபெருக்கியை ஒன்றாகச் சுருக்கியிருந்தார்கள்; அந்த ஒன்றையும் விட்டுவைத்தது சீட் பெல்ட் எச்சரிக்கை மணிக்காகத்தான். சுற்று நேரம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அந்த வண்டி நீங்கள் தினமும் அலுவலகம் போகும் வண்டியிலிருந்து விலகிப் போகிறது. டெக்சாஸ் கோடையில் குடும்பத்துடன் ஓட்டப் போகிறீர்கள் என்றால், 1எல்இ அல்லாத இசட்எல்1 கிடைத்ததற்கு வருந்த வேண்டியதில்லை. அதை அதற்குரிய விலைக்கு வாங்குங்கள்.

கேள்வி: 2016 மாடல் ஷெல்பி ஜிடி350 மஸ்டாங் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறை போகும் எண்ணம் உண்டு. அதே விலைக்கு 2017 மாடலும் கிடைக்கிறது. அது கூடுதல் மைல் ஓடியது. எதை எடுப்பது?

பதில்: இதற்கு என் பதிலில் தயக்கமே இல்லை. தடத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 2017 மாடலை எடுங்கள், அல்லது 2016 மாடலில் டிராக் பேக்கேஜ் உள்ள வண்டியைத் தேடுங்கள்.

ஜிடி350 மிகச் சிறந்த இயந்திரம் கொண்ட வண்டி. 5.2 லிட்டர், 526 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை ஏறக்கூடிய எட்டு சிலிண்டர் இயந்திரம். பந்தயத் தடத்துக்குத் தயாரான வண்டி என்றே அது விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் 2016 மாடலில் அடிப்படை வகையிலும், சொகுசு வசதிகளைச் சேர்த்த டெக்னாலஜி பேக்கேஜ் வகையிலும் கியர்பாக்ஸுக்கும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தளிக்கும் டிஃபரென்ஷியலுக்கும் உரிய, ஆயிலைக் குளிர்விக்கும் கூலர்கள் வைக்கப்படவில்லை. தடத்தில் தொடர்ந்து விரட்டும்போது இவற்றின் ஆயில் சூடேறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும், உதிரிபாகங்களைக் காப்பாற்றுவதற்காக வண்டியின் கணினி தானாகவே இயந்திரத்தின் சக்தியைக் குறைத்துவிடுகிறது. முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று வலுவிழப்பது எரிச்சலூட்டுவதோடு நிற்காது; பின்னால் இன்னொரு வண்டி நெருங்கி வரும்போது அது ஆபத்தும் ஆகும். இதை முன்வைத்து உரிமையாளர்கள் 2017இல் புளோரிடாவில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2017 மாடலில் ஃபோர்டு நிறுவனம் இந்தக் கூலர்கள் அடங்கிய டிராக் பேக்கேஜை எல்லா ஜிடி350 வண்டிகளுக்கும் பொதுவாக்கிவிட்டது.

நிறுவனங்களின் போட்டியில் அறிவிக்கப்படும் நேரம் பெரும்பாலும் ஒரே ஒரு சுற்றின் நேரம். குளிர்ந்த காலையில், புது டயரில், ஒரு சுற்று. நீங்கள் காசு கொடுத்துப் போகும் டிராக் டேயில் ஒரு முறை இறங்கினால் இருபது நிமிடம் வரை ஓட்ட வேண்டியிருக்கும். அந்த இருபதாவது நிமிடத்திலும் வண்டி அதே பலத்துடன் நிற்குமா என்பதை எந்தச் சாதனை நேரமும் சொல்வதில்லை. ஆகவே தடத்துக்காகப் பழைய வண்டி வாங்கும் எவரும் முதலில் விசாரிக்க வேண்டியது கூலர்களை, அடுத்தது பிரேக்கை, குதிரைத்திறனைக் கடைசியாகக் கேட்டால் போதும். கூலர்களைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால், பொருத்துகூலியோடு சேர்த்த முழுச் செலவை எழுத்தில் வாங்கி, அதை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: நியூர்பர்க்ரிங்கில் மஸ்டாங் ஜிடிடி 6 நிமிடம் 52 விநாடி எடுத்தது என்கிறார்கள், பிறகு செவ்ரலேயின் கார்வெட் அதை முறியடித்தது என்கிறார்கள். அப்படியானால் கமாரோவின் 7 நிமிடம் 16 விநாடி எல்லாம் இப்போது ஒன்றுமில்லையா?

பதில்: எண்கள் சரியே. ஜிடிடி 2025இல் 6 நிமிடம் 52.072 விநாடி எடுத்தது. அதே ஆண்டு கார்வெட் இசட்ஆர்1 6 நிமிடம் 50.763 விநாடியும், இசட்ஆர்1எக்ஸ் 6 நிமிடம் 49.275 விநாடியும் எடுத்தன. ஃபோர்டு வண்டியை ஓட்டியவர் தொழில்முறைப் பந்தய வீரர் டிர்க் முல்லர்; செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பொறியாளர்களையே ஓட்ட வைத்தது. எனக்கு இரண்டாவதன்மேல் மதிப்பு அதிகம்.

ஆனால் உங்கள் பணத்துக்கும் இந்தப் போட்டிக்கும் தொடர்பு மிகக் குறைவு. ஜிடிடியின் விலை 3 லட்சம் டாலருக்கும் மேல். கியர்பாக்ஸ் பின்னச்சில், உடல் கார்பனில், 815 குதிரைத்திறனில், கனடாவின் மல்டிமேட்டிக் நிறுவனத்தால் கட்டி முடிக்கப்படும் அந்த வண்டிக்கும், டீலர் கடையில் நிற்கும் மஸ்டாங் ஜிடிக்கும் பெயர்தான் ஒற்றுமை. மேலும், 2019இல் நியூர்பர்க்ரிங் நிர்வாகம் 20.832 கிலோமீட்டர் முழுச் சுற்றையே அதிகாரபூர்வமானதாக வரையறுத்தது. அதற்கு முன் 20.6 கிலோமீட்டர் அளவும் புழக்கத்தில் இருந்ததால், பழைய பட்டியல்களில் இரண்டு நீளங்களும் கலந்து கிடக்கின்றன. எந்த நீளம் என்று தெரியாமல் இரண்டு எண்களை ஒப்பிட்டு விலை பேசாதீர்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் 2019 மஸ்டாங் ஜிடி வாங்கினேன். 460 குதிரைத்திறன் என்று சொல்லப்பட்ட வண்டி, சக்தியை அளக்கும் டைனோ கருவியில் 398 மட்டுமே காட்டுகிறது. கமாரோ வைத்திருக்கும் நண்பர், ஃபோர்டு ஏமாற்றிவிட்டது என்கிறார். புகார் செய்யலாமா?

பதில்: இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 460 என்பது இயந்திரத்தின் கிராங்க் தண்டில் அளக்கப்படும் சக்தி. டைனோவில் நீங்கள் அளந்தது சக்கரத்தை எட்டிய சக்தி. கியர்பாக்ஸும், புரொப்பல்லர் தண்டும், டிஃபரென்ஷியலும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு 12 முதல் 15 விழுக்காடு வரை குறைவது வழக்கம். உங்கள் கணக்கு அதற்குள்தான் வருகிறது. போதாக்குறைக்கு, ஃபோர்டு அந்த 460 எண்ணை 93 ஆக்டேன் பெட்ரோலில் அறிவித்தது. உங்கள் மாநிலத்து பெட்ரோல் பங்க்குகளில் பிரீமியம் என்று கிடைப்பது 91. நண்பரின் கமாரோவையும் அதே டைனோவில், அதே நாளில் ஏற்றிப் பாருங்கள்; அதன் எண்ணும் இறங்கும்.

இருந்தாலும் அளந்து பார்த்தது வீண் என்று சொல்ல மாட்டேன். 1999 மஸ்டாங் கோப்ரா 320 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. உரிமையாளர்கள் டைனோவில் ஏற்றியபோது, வழக்கமான இழப்பைக் கழித்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, இயந்திரத்துக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டையும் புகைபோக்கியையும் கணினி நிரலையும் மாற்றிக் கொடுத்தது. அளந்தவர்கள் ஆதாரத்துடன் வந்ததால்தான் அது நடந்தது. எண்கள் மறுபக்கம் பிசகியதும் உண்டு. 1960களின் இறுதியில் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காகவே உருவான கமாரோ இசட்/28, மஸ்டாங் பாஸ் 302 ஆகிய இரண்டுக்கும் நிறுவனங்கள் அறிவித்தது ஒரே 290 குதிரைத்திறன். இரண்டின் உண்மையான சக்தியும் அதைவிட அதிகம் என்பதே அந்த வண்டிகளை அறிந்தவர்களின் பொதுவான கருத்து. அந்தக் காலத்து எண்கள், துணைக்கருவிகள் இல்லாமல் இயந்திரத்தைத் தனியே நிறுத்தி அளந்தவை என்பதால் இன்றைய எண்களோடு அவற்றை ஒப்பிடவும் கூடாது.

கேள்வி: டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170 வண்டி 60 மைல் வேகத்தை 1.66 விநாடியில் தொடுமாம். எந்த மஸ்டாங்கும் இதற்கு ஈடாகாது என்பது சரிதானே?

பதில்: நேர்க்கோட்டில் சரி. ஆனால் அந்த 1.66 விநாடி, பிசின்போல் ஒட்டும் கலவை தெளித்துத் தயார்செய்த நேர்க்கோட்டுப் பந்தயத் தளத்தில் எடுக்கப்பட்டது. 1,025 குதிரைத்திறன் என்பது எத்தனால் கலந்த இ85 எரிபொருளில் கிடைப்பது. சாதாரண பெட்ரோல் பங்க்கில் நிரப்பினால் 900. அமெரிக்க வாகன இதழ்களின் வழக்கப்படி, வண்டி நகரத் தொடங்கிய முதல் ஒரு அடிக்கான நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பல வண்டிகளுக்கு அதுவே கால் விநாடியளவுக்கு வரும். வளைவுகள் உள்ள தடத்துக்கு உருவாக்கப்பட்ட வண்டியே அன்று இது. பின்பக்க டயர் நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கானது. மழையிலும் குளிரிலும் அதன் பிடி வெகுவாகக் குறையும். கால் மைலை 8.91 விநாடியில், 151 மைல் வேகத்தில் கடக்கக்கூடியது என்பதால், பாதுகாப்புக் கூண்டு பொருத்தாமல் அந்த நேரத்தை எடுத்தால் நேர்க்கோட்டுப் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் தளங்களில் மீண்டும் ஓடவிட மாட்டார்கள். சேகரித்து வைக்க வாங்குவது வேறு. அந்த வேகத்தை அனுபவிக்க வாங்குகிறீர்கள் என்றால் கூண்டுக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: டிராக் டேயில் இயந்திரம் பழுதானால் வாரண்டி கிடைக்குமா? மோதிவிட்டால் இன்சூரன்ஸ்?

பதில்: வாரண்டியைப் பொறுத்தவரை, போட்டிப் பந்தயத்தால் வந்த சேதத்தை நிறுவனங்கள் பொதுவாக விலக்கிவிடுகின்றன. தடத்தில் ஓட்டுவதற்கு முன் ஆயிலையும் பிரேக் திரவத்தையும் எப்படி மாற்ற வேண்டும் என்று உரிமையாளர் கையேட்டில் எழுதியிருந்தாலும், அதை வாரண்டிக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு நிறுவனத்தின் உதிரிபாகத்தைப் பொருத்திய ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் மறுக்க முடியாது என்கிறது 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம். அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்டியாக வேண்டும். ஆகவே ஆயில் மாற்றிய ரசீதுகளையும், பொருத்திய பாகங்களின் ரசீதுகளையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் இன்னும் கவனம் வேண்டும். தனிநபர் கார் பாலிசிகளில் பெரும்பாலானவை, பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட இடத்தில் போட்டியிடும்போதோ போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போதோ நேரும் இழப்பை விலக்கியுள்ளன. சில பாலிசிகளில் சொற்கள் இன்னும் விரிவாக இருப்பதால், பயிற்றுநருடன் ஓட்டும் நாள்கூட அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். உங்கள் ஏஜென்ட் தொலைபேசியில் சொல்வதை நம்பிப் போகாமல், விலக்குப் பகுதியின் வாசகத்தை நீங்களே படித்து, ஐயம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்துப்பூர்வமான பதிலை வாங்குங்கள். ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கக்கூடிய டிராக் டே பாலிசிகள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. அதை எடுக்கும்போது வண்டியின் மதிப்பை வாங்கிய விலைக்கு அன்று, இன்றைக்கு அதே பேக்கேஜுடன் இன்னொரு வண்டி வாங்க ஆகும் விலைக்கு எழுதச் சொல்லுங்கள்.