வால்வ் ஆம்ப்ளிஃபையர் கேள்வி-பதில்: வோல்டேஜ் எழுதாமல் கேட்காதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ஒற்றை ஈ.எல்.84 அவுட்புட் வால்வை வைத்து வீட்டிலேயே செய்கிற சின்ன ஆம்ப்ளிஃபையரைப் பற்றியவை. நல்லது, ஆரம்பிக்க அதுதான் சரியான சர்க்யூட். ஆனால் பிளேட்டில் (பாசிட்டிவ் முனை) எவ்வளவு வோல்ட், கேத்தோடில் (எலெக்ட்ரான் கிளம்பும் முனை) எவ்வளவு வோல்ட் என்று அளந்து எழுதியவர்கள் மிகக் குறைவு. அளவு இல்லாவிட்டால் நான் ஊகிக்கத்தான் வேண்டும். 300 வோல்ட் ஓடுகிற பெட்டிக்கு ஊகத்தில் பதில் சொல்ல எனக்கு மனசு வராது.

யு.சி.எல்.82 மலிவாகக் கிடைத்தது. ஈ.சி.எல்.82 இடத்தில் போடலாமா?

கூடாது. முதல் எழுத்தைப் பாருங்கள். ஈ என்றால் ஹீட்டருக்கு (கேத்தோடைச் சூடாக்கும் இழை) 6.3 வோல்ட். பி, யு எல்லாம் ஹீட்டர்களைச் சீரிஸில் கோத்து ஓட்டுவதற்காகச் செய்தவை. யு.சி.எல்.82-க்கு 50 வோல்ட் வேண்டும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் அது சூடாகக்கூட ஆகாது.

வயரிங் முடிந்தது. நேரே ஸ்விட்சைப் போடலாமா?

போடாதீர்கள். எல்லா வால்வையும் கழற்றி வைத்துவிட்டு, மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள் (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது). பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட். மங்கினால் ஹீட்டர் முனையில் ஏசி அளந்து பாருங்கள், லோடு இல்லாததால் 6.3-க்குக் கொஞ்சம் மேலே காட்டும், பரவாயில்லை. அப்புறம் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வை மட்டும் செருகி எச்.டி., அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ், எவ்வளவு என்று பாருங்கள். 250-0-250 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் லோடு இல்லாமல் 350 வரை ஏறும், அதனால்தான் ஃபில்டர் கண்டன்சர் 450 வோல்ட் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். கடைசியாக மற்ற வால்வுகள். அதற்கு முன் ஸ்பீக்கர் முனையில் 8 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டிவிடுங்கள். லோடு இல்லாமல் சிக்னல் கொடுத்தால் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போய்விடும்.

ஆஃப் செய்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். 220 கே (220,000 ஓம்), 2 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகக் குறுக்கே போடுங்கள், ஒரு நிமிஷம் பொறுங்கள், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள்.

ஃபீட்பேக் வயரை இணைத்தால் வீல் என்று கத்துகிறது. எடுத்துவிட்டால் நன்றாகப் பாடுகிறது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி வயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். அவுட்புட்டிலிருந்து இன்புட் பக்கம் திரும்பி வரும் சிக்னல் கழிவதற்குப் பதில் கூடுகிறது, அதாவது நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

கப்ளிங் கண்டன்சருக்கு (ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது) எந்த வெளிநாட்டு பிராண்ட் நல்லது? ஒன்றுக்கு 3,000 ரூபாய் வரை செலவு செய்யத் தயார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு இப்போதைக்கு 9 வோல்ட் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கிறேன்.

இதே கேள்வி வேறு வேறு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கண்டன்சருக்கு 3,000, ஆனால் சத்தத்தின் தரத்தை முடிவு செய்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கு இருநூறு முந்நூறு ரூபாய்!

கணக்கில் அது பொருந்துவதுபோலத் தெரியும். ஈ.எல்.84-க்கு ஏறக்குறைய 5,000 ஓம் லோடு, ஸ்பீக்கர் 8 ஓம், சுற்று விகிதம் 25 சொச்சம் வரும், 230-ஐ 9-ஆல் வகுத்தாலும் அதேதான். ஆனால் ஒற்றை வால்வ் சர்க்யூட்டில் பிரைமரி வழியாக 50 மில்லி ஆம்பியர் டிசி எந்நேரமும் போகிறது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்டாம்பிங்குகளை (இரும்புத் தகடுகளை) மாற்றி மாற்றி, இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருப்பார்கள். அந்த டிசியிலேயே இரும்பு காந்தத்தில் நிரம்பிப் போகும், பேஸ் காணாமல் போகும். சுற்றுகளும் பிரைமரி தனி, செகண்டரி தனி என்று சுற்றியிருப்பதால் காந்த லீக்கேஜ் அதிகம், ட்ரெபிளும் போகும். மிச்சம் இருப்பது நடுவில் ஒரு டெலிபோன் குரல்தான், அதை எந்த கண்டன்சரும் மாற்றாது.

சரி, என்ன செய்வது? நல்ல வைண்டிங் கடையாகப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். பிரைமரியை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து நடுவில் செகண்டரியைச் சுற்றச் சொல்லுங்கள். ஈ (E) வடிவத் தகடு எல்லாம் ஒரு பக்கம், ஐ (I) வடிவத் தகடு எல்லாம் மறுபக்கம், நடுவில் மெல்லிய காகிதம். பிரைமரி இண்டக்டன்ஸ் 10 ஹென்றிக்குக் குறையக் கூடாது. சென்டர் லிம்ப் (ஈ தகட்டின் நடுக்கால்) 1 அங்குலமாவது இருக்கட்டும். காசு இல்லையென்றால் காயலான் கடையில் பழைய வால்வ் ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடுங்கள். சின்னது, பேஸ் குறைவு, ஆனால் இடைவெளியோடு முறையாகச் செய்தது. கப்ளிங்குக்கு 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் சாதாரண பாலியெஸ்டர் போதும். அடுத்த வால்வின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) 470 கே ரெசிஸ்டர் இருந்தால் அது 3 ஹெர்ட்ஸ் வரை விடும், அதற்குக் கீழே கேட்க ஒன்றுமில்லை.

ஹம் வருகிறது. என்ன செய்வது?

இவ்வளவுதான் கடிதம். என்ன வால்வ், வால்யூமைக் குறைத்தால் குறைகிறதா, ஒன்றும் இல்லை. இப்படி எழுதாதீர்கள். ஆஃப் செய்து, முதல் கட்ட வால்வான ஈ.சி.சி.83-ஐக் கழற்றிவிட்டுத் திரும்ப ஆன் செய்யுங்கள். ஹம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் ஃபில்டர், 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். நின்றுவிட்டால் ஹீட்டர் வயர், எர்த் அல்லது இன்புட் ஷீல்டு, இது 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் வயர்களை முறுக்கி சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோங்கள், சென்டர் டேப் இல்லையென்றால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக நடுவை எர்த் செய்யுங்கள்.

ஈ.இசட்.81 ரெக்டிஃபையர் வால்வ் கிடைக்காததால் 1என்4007 டயோடு போட்டேன். அதிலிருந்து ஈ.எல்.84 பிளேட் சிவந்து எரிகிறது.

உடனே ஆஃப் செய்யுங்கள். ஈ.இசட்.81 தனக்குள்ளேயே கணிசமான வோல்ட்டை விழுங்கும், டயோடு விழுங்காது. உங்கள் எச்.டி. 40, 50 வோல்ட் ஏறியிருக்கும். முதல் ஃபில்டர் கண்டன்சருக்கு அப்புறம் 800 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சீரிஸில் போட்டுப் பாருங்கள். பிறகு கேத்தோடில், 3-ஆம் பின்னில், 135 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே வோல்டேஜ் அளங்கள். 7 வோல்ட் சுமார் வந்தால் சரி, 10 வந்தால் வால்வ் தாங்காது. கிரிட்டையும், அதாவது 2-ஆம் பின்னையும் பாருங்கள். அங்கே பாசிட்டிவ் வோல்டேஜ் இருந்தால் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. மீட்டரின் கறுப்பு வயரை கிளிப் வைத்து சேஸிஸில் மாட்டிவிட்டு ஒற்றைக் கையால் அளங்கள். பாகம் மாற்றுவதற்கு முன் ஆஃப், ஒரு நிமிஷம், மீட்டர். மறக்காதீர்கள்.

பழைய பி.இ.எல். (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) ஈ.எல்.84 வாங்கலாமா, ரஷ்ய 6பி14பி வாங்கலாமா?

இரண்டும் நல்லவை. எமிஷன் (கேத்தோடு எலெக்ட்ரானை வெளிவிடும் திறன்) சோதித்து வாங்குங்கள்.

வால்வின் உள்ளே வெள்ளி நிறப் பூச்சு பால் வெள்ளையாக மாறிவிட்டது.

காற்று உள்ளே போய்விட்டது. தூக்கிப் போடுங்கள்.

ஒற்றை ஈ.எல்.84-இல் 12 வாட் வரும் என்று ஒரு கடையில் சொன்னார்கள்.

12 வாட் என்பது பிளேட் தாங்கும் சூடு. ஸ்பீக்கருக்கு 5 வாட் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். 8 ஓம் ரெசிஸ்டரில் 400 ஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்து ஏசி அளங்கள், அலை வெட்டுப்படாமல் 6.3 வோல்ட் கிடைத்தால் அதுதான் 5 வாட். சாதாரண மல்டிமீட்டர் அதிக ஃப்ரீக்வன்ஸியில் சரியாகக் காட்டாது, 400-ஐத் தாண்ட வேண்டாம்.