வந்திருக்கும் வரன் தேவசித்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கனடாவிலிருந்து நல்ல குடும்பத்து வரன் வந்திருக்கிறது, அம்மா சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார், உங்களுக்கோ மனதில் சமாதானம் இல்லை. இது கர்த்தர் போடும் தடையா, வெறும் பயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் சபைகளில் பலரும் இந்தச் சமாதானத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் கர்த்தருக்கு விலகி ஓடிய யோனா கொந்தளிக்கிற கடலில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்தைச் செய்யவே வந்த இயேசு கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். முன்பின் தெரியாத நாட்டுக்குப் போவதென்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கலக்கம் எதனால் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘குளிர் தாங்குவேனா’ என்று வந்தால் அது ஒன்று. ‘வேலையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்’ என்று வந்தால் அதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

சீட்டு விஷயம். எழுதி மடித்து, வேதாகமத்துக்குள் வைத்து ஜெபித்து, வீட்டுச் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்திலும் உண்டு. யூதாஸின் இடத்துக்கு அப்போஸ்தலனாக மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தெரிந்தெடுத்தார்கள் என்பார்கள். அது அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் வருகிறார். அதன் பிறகு சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. 15ஆம் அதிகாரத்தில் பெரிய சிக்கல் வந்தபோது கூடி உட்கார்ந்து, தர்க்கம் பண்ணி, நடந்ததைக் கேட்டு, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று கடிதம் எழுதினார்கள்.

அடையாளம் கேட்பதே தப்பா என்றால், ஆதியாகமம் 24ஐ நிதானமாக வாசியுங்கள். ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஊழியக்காரன் அடையாளம் கேட்டான்தான். எனக்குத் தண்ணீர் தருவதோடு ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று சொல்கிற பெண்ணாக இருக்கட்டும் என்றான். அவனோடு வந்தவை 10 ஒட்டகங்கள். நல்ல தாகத்தில் இருக்கும் ஒட்டகம் ஒன்று 100 லிட்டர் வரை குடிக்கும். அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே வார்த்த அந்தப் பெண் ரெபெக்காள், குடத்தைத் தோளில் சுமந்து எத்தனை நடை துரவில் இறங்கி ஏறியிருப்பாள்! அவளுடைய குணம் தெரிகிற மாதிரிதான் அந்த மனுஷன் அடையாளமே கேட்டிருக்கிறான். அவள் வார்த்து முடிக்கும்வரை பேசாமல் கவனித்தான். அப்புறம் நீ யாருடைய மகள் என்று விசாரித்தான். எல்லாம் கூடிவந்த பிறகும், ‘இந்த மனுஷனோடு போகிறாயா’ என்று வீட்டார் அவளையே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இந்த ஒரு வசனத்துக்காகவே இந்த அதிகாரம் எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் வீட்டில் உங்களை அப்படிக் கேட்டார்களா?

ஜெபிக்கிறவர்கள் விசாரித்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிப்பதை, அதாவது ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதை நினைவுபடுத்துங்கள். தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையே எல்லாருக்கும் முன்பாகக் கேட்கிறது. எனக்குப் பேசி வந்தபோது என் அப்பா மாப்பிள்ளை வேலை பார்த்த ஊருக்கே போய், அங்கே ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்து விசாரித்தார். வீட்டுக்கு வந்துதான் குடும்ப ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அந்த விசாரிப்பையும் கர்த்தருடைய நடத்துதலாகவே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே அம்மாவோடு சண்டை வேண்டாம். ஞானம் கேட்டால் கடிந்துகொள்ளாமல் சம்பூரணமாய்க் கொடுப்பார் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது. இருவருமாக அதை வைத்து ஜெபியுங்கள். அந்தப் பையனிடம் தனியாக வீடியோவில் பேச அனுமதி கேளுங்கள். வேலை, கடன், குடி, அங்கே எந்தச் சபைக்குப் போகிறார், உங்களை வேலைக்குப் போக விடுவாரா, எல்லாவற்றையும் கேளுங்கள். அவர் போகும் சபையின் போதகரிடம் உங்கள் ஆயரைப் பேசச் சொல்லுங்கள். பேசவே விடமாட்டோம், நிச்சயம் முடியட்டும் என்று அந்த வீட்டார் அவசரப்படுத்தினால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன்.