விசாவில் இருப்பவர் வாய் திறக்கலாமா?

தம்பி, தெற்கு யூட்டாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வீட்டுக்குப் பின்னால் உள்ள பி.எல்.எம். (மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை) நிலத்தில் ஜீப் பாதையை மூடப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், விசாவில் இருக்கும் நான் கருத்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம், வாடகையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். இதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

தாராளமாகச் சொல்லலாம். குடியுரிமை கேட்க அது ஓட்டு இல்லை. ஓட்டு இல்லை என்பதால் தலையை எண்ணி முடிவெடுக்கவும் மாட்டார்கள். நம் ஆட்களுக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதியதை ஐம்பது பேர் அப்படியே அனுப்புவார்கள். அங்கே அது ஒரே கருத்தாகத்தான் கணக்கு. 2017-இல் இதே யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் போன்ற, தேசிய நினைவுச்சின்னம் என்ற பெயரில் பாதுகாக்கப்படும் நிலப்பகுதிகளை மறுபரிசீலனை செய்தபோது லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. பெரும்பாலானவை கைவைக்காதீர்கள் என்றன. அந்த டிசம்பரிலேயே பேர்ஸ் இயர்ஸின் பரப்பில் சுமார் 85 சதவீதத்தை வெட்டினார்கள். 2021-இல் அது திரும்பக் கிடைத்தது வேறு கதை.

நான் வந்த புதிதில், இயற்கை, வருங்காலச் சந்ததி என்று மூன்று பக்கம் எழுதி, கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஊரில் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம்போல மைக்கும் கூச்சலுமாக இருக்கும் என்று நினைப்பு. போனால் சுவரெங்கும் வரைபடங்கள், ஓரத்தில் காபி. தொப்பி போட்ட மாட்டுப்பண்ணைக்காரர்கள் வரைபடத்தில் விரல் வைத்து, இந்தக் கேட், இந்தத் தண்ணீர்த்தொட்டி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் கடிதத்தைப் படித்த ஒரு பெரியவர், "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் முதலில் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். 1970 முதல் நடப்பில் இருக்கும் நீபா என்ற தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், விளைவைப் பார்த்துவிட்டு முடிவெடு என்கிறதே தவிர, மக்கள் சொன்னபடி முடிவெடு என்பதில்லை. 2025-இல் நடைமுறையையும் நன்றாகச் சுருக்கிவிட்டார்கள். கடைசித் தேதியை இன்றே பாருங்கள். எழுதும் பெயரும் முகவரியும் பொதுவில் வரலாம், அதையும் யோசியுங்கள். இந்த மாநிலத்தில் சுமார் 63 சதவீத நிலம் மத்திய அரசுடையது. வாஷிங்டன்காரனுக்கு இங்கே என்ன தெரியும் என்று கடைக்குக் கடை புலம்புவார்கள். வந்த வருடமே அதில் கட்சி சேராதீர்கள்.

இரண்டாம் முறை நான் அரைப்பக்கம்தான் எழுதினேன். ஆகஸ்ட் மழைக்குப் பிறகு ஒரு வளைவில் வண்டித்தடம் ஓடையாகிக் கிடந்தது. ஆழம் தெரிய தண்ணீர் பாட்டிலை உள்ளே நிறுத்திப் படம் எடுத்து இணைத்தேன். இறுதி ஆவணத்தின் பின்னிணைப்பில் அதற்கு ஓர் எண், இரண்டு வரி பதில். பாதையை மூடவில்லை, அந்த வளைவை மட்டும் மேட்டுக்குத் தள்ளினார்கள். அந்தப் பக்கம் போனால் வீட்டுக்காரி இன்னும், "உங்க ரோடு வருது" என்பாள்.