டர்பனில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும்

அன்புள்ள தம்பி,

கோயம்புத்தூரில் கட்டடக்கலை முடித்துவிட்டு, ஆற்றல் சிக்கனக் கட்டடங்கள் குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் படித்தது இங்கே எந்த அளவுக்குக் கைகொடுக்கும், வாடகை வீட்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையிலேயே பதினெட்டு ஆண்டுகளாக இங்கே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுக்கும் தொடக்கம் திசைதான்.

நான் வந்த புதிதில், தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள் இருந்த ஒரு வீட்டைத் தென்றல் வரும் என்று நம்பி எடுத்தேன். திருநெல்வேலியில் வளர்ந்தவனுக்கு வேறு எண்ணம் தோன்றாது. மழைக்காலம் முடிந்து குளிர்காலம் வந்தபோது, பீரோவுக்குப் பின்னால் இருந்த தெற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. அரிசி மூட்டையின் அடிப்பகுதி கட்டி தட்டிப்போயிருந்தது. அந்தச் சுவரில் குளிர்காலம் முழுவதும் ஒரு கதிர்கூட விழவில்லை. சமையலறை ஆவி வந்து படியும் அளவுக்கு அது எப்போதும் சில்லென்று இருந்தது.

டர்பன் ஏறத்தாழ 30 பாகைத் தென் அகலாங்கில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே சுமார் 37 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரில் ஏறக்குறைய உச்சிக்கே, 84 பாகைக்கு, வந்துவிடும். ஆகையால் வடக்குச் சுவரில் அரை மீட்டர் சன்ஷேட் ஒன்று இருந்தால், அது கோடை நண்பகலில் ஜன்னல் முழுவதையும் நிழலில் வைக்கும். குளிர்காலத்தில் மேலே ஏறத்தாழ 37 சென்டிமீட்டரை மட்டும் மறைத்து, மீதி வெயிலை அறைக்குள் விட்டுவிடும். மின்சாரமே இல்லாமல் நடக்கும் வேலை இது. காற்றும் இங்கே பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி, வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வீசும்; எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருக்கும் வீட்டைத் தேடுங்கள். மேற்கு வெயிலைப் பற்றி ஊரில் கற்றது மட்டும் அப்படியே பொருந்தும்.

இனி ஆய்வைப் பற்றி. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கண்ணாடிக் கோபுரங்களைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கீசரிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இங்கே கீசர் என்பது நம் ஊர்க் குளியலறைச் சிறு கருவி அல்ல. கூரைக்குள் படுத்திருக்கும் 150 லிட்டர் தொட்டி. அவ்வளவு தண்ணீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7 யூனிட் செலவாகும். யாரும் குளிக்காத நேரத்திலும் அது சூட்டை இழந்து இழந்து மறுபடி மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. 2008இல் நாடறியத் தொடங்கி 2023இல் மிக மோசமான நிலையை எட்டிய மின்வெட்டைப் பட்டவர்களுக்கு மாலை நேர மின்சுமை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2011இல் வந்த எஸ்ஏஎன்எஸ் 10400-எக்ஸ்ஏ என்ற கட்டட ஆற்றல் சிக்கன விதி, புதுக் கட்டடங்களுக்கான வெந்நீரில் குறைந்தது பாதியையாவது சாதாரண மின்கம்பிச் சூடேற்றி அல்லாத வழியில் பெற வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே. அந்த விதியைக் கிளம்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

ஆனால் விதி புது வீட்டைத்தான் கட்டுப்படுத்துகிறது. மக்கள் குடியிருப்பது பழைய வீட்டில். டர்பனில் உள்ள கேட்டோ மேனர் ஒரு காலத்தில் நம்மவர்கள் காய்கறித் தோட்டம் போட்டிருந்த மேட்டுநிலம்; நிறவெறிச் சட்டத்தால் அங்கிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவும் டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் அதே கேட்டோ மேனரில் கட்டப்பட்ட எளிய வீடுகளில் முப்பதை, டர்பனில் ஐநா காலநிலை மாநாடு நடந்த 2011இல், தென்னாப்பிரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் சீரமைத்தது. சூரிய வெந்நீர்த் தொட்டி, வெப்பம் தடுக்கும் சீலிங், சிக்கன விளக்கு, மழைநீர்த் தொட்டி, கொதித்த பானையை இறக்கி வைத்தால் அடுப்பில்லாமலே சோறு வெந்துவிடும் சூடுகாப்பு உறை ஆகியவைதான் அங்கே சேர்க்கப்பட்டவை. கேப் டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில் குயாசா திட்டமும் இதே வழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தொட்டது. என் கணிப்பில், இந்த நாட்டில் சீலிங்கைப் போல் செலவுக்கு ஏற்ற பலன் தருவது வேறில்லை. சாட்ஸ்வொர்த்தில் நான் வெப்பமானி தொங்கவிட்ட ஒரு மாடியறையில் அந்த வீட்டுப் பாட்டி, இருட்டிய பிறகும் கட்டிலின் இரும்புச் சட்டம் சுடுகிறது என்று என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினார். கூரைத் தகட்டுக்கும் அவர் தலைக்கும் நடுவில் மெல்லிய பலகை ஒன்றுதான் இருந்தது.

டர்பன் உட்பட நான்கு தென்னாப்பிரிக்க நகரங்கள், 2030க்குப் பிறகு எழும் புதுக் கட்டடங்கள் நிகரக் கரிம வெளியீடு இல்லாதவையாக இருக்க வேண்டும் என்று 2018இல் உறுதி ஏற்றன. அதை வரவேற்கிறேன். ஆயினும் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் குடிசை போட்டிருந்தவர்கள் பட்ட பாட்டையும் கண்ட பிறகு, யூனிட் கணக்கை மட்டும் வைத்து நீடித்த நகரம் என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் ஆய்வுத் திட்டத்தில் வடிகாலுக்கும் இடம் கொடுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்குச் சுவர் அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சிறு கருவிகள் நான்கு வாங்கி வாருங்கள். சாட்ஸ்வொர்த்தில் அவற்றைத் தொங்கவிட இடம் தரும் வீடுகளுக்கு நானே அழைத்துப் போகிறேன்.