தெருவில் எடுத்த கலப்பின நாய்க்குட்டியை நல்ல குடும்பத்துக்குத் தத்துக் கொடுப்பது எப்படி?

கேள்வி: தெருவோரம் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்து ஒரு வாரமாக ஃப்ளாட்டில் வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் இருக்கும். ஓயாத விளையாட்டு. நாங்கள் வளர்க்க முடியாத நிலை. எப்படிக் கொடுப்பது?

உடனே போட்டோ எடுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் வாயைத் திறந்து பாருங்கள். தெருவில் எடுத்த எல்லாக் குட்டிக்கும் "ரெண்டு மாசம்" என்றுதான் சொல்வார்கள். முன்பல் 3, 4 வாரத்தில் எட்டிப் பார்க்கும். பால்பற்கள் 28-ம் வந்திருந்தால் ஏறக்குறைய 8 வாரம். அது ஆகாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். குட்டிகளை விற்பவர்களே 8 வாரம் ஆகாமல் விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு விதிகளில் இருக்கிறது.

அடுத்து, எடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் உங்களிடமே இருக்கட்டும். காரணம் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் ஆபத்தான வைரஸ் நோய். வைரஸ் உடம்பில் புகுந்து 3 முதல் 7 நாளில், சில சமயம் 14 நாள் கழித்துக்கூட வெளிப்படும். நேற்று வரை குதித்த குட்டி தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும், வாந்தி வரும், பிறகு நாற்றத்தோடு ரத்தப்பேதி. அன்றே மருத்துவமனை போனால்தான் பிழைக்கும். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தரையை ஃபினாயில் விட்டுத் துடைத்தால் பார்வோ சாகாது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

பார்வோவுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. ஒரு ஊசி போட்டாச்சு, இனி கவலையில்லை என்று நினைப்பதில்தான் பல குட்டிகள் போகின்றன. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி முதல் ஊசியை முறித்துவிடலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வயிற்றுப் பூச்சிக்கான மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது. குட்டியை ஒரு பக்கெட்டில் உட்காரவைத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை நோட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். எடுத்துக்கொள்கிறவர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ரேபிஸ் ஊசி 3 மாதத்தில்தான். அதற்குள் விளையாட்டில் உங்கள் மேல் பல் பட்டு ரத்தம் வந்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். குட்டிதானே என்று விடக் கூடாது, குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

இப்போது விளையாட்டு. கலப்பினக் குட்டியைப் பிடிக்க வைப்பதும் இதுதான், திருப்பி அனுப்ப வைப்பதும் இதுதான். பிடித்துக் கொண்டுபோன வீட்டில் நாலாம் நாள், நைட்டி ஓரத்தைக் கவ்வித் தொங்குகிறது, பாப்பாவின் காலைக் கடிக்கிறது என்று போன் வரும். கையையோ துணியையோ வெடுக்கென்று இழுத்தால், அதுவும் ஓர் ஆட்டம் என்று இன்னும் இறுக்கும். அசையாமல் நின்று, விட்டதும் அரை நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு கடிக்க வேறு பொருள் கொடுங்கள். ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறு அரிப்புக்கும் இதம். சாயங்காலம் கண்மண் தெரியாமல் ஓடிக் கடித்தால் பெரும்பாலும் அது தூக்கம் கெட்ட குட்டி. இந்த வயதில் நாளைக்கு 18 மணி நேரம் தூங்க வேண்டும், வந்தவர் போனவரெல்லாம் தூக்கிக் கொஞ்சினால் எங்கே தூங்கும்?

விளம்பரத்தில் "லேப் கிராஸ்" (லாப்ரடார் கலப்பு) என்று போடாதீர்கள். பார்த்து இனம் சொல்வது பெரும்பாலும் யூகம்தான். எட்டு மாதத்தில் காது விறைத்து, உடம்பு ஒல்லியாக, வால் சுருண்டு நின்றால் ஏமாற்றிவிட்டதாகக் கோபப்படுவார்கள். "நாட்டு நாய்க் கலப்பு, பெண் குட்டி, 10 வாரம், 3 கிலோ, வளர்ந்தால் 15 முதல் 20 கிலோ வரை போகலாம். சாப்பிட்டதும் தூங்கி எழுந்ததும் வெளியே கொண்டுபோனால் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. துணி, செருப்பு கவ்வும். தனியாக விட்டால் அரை மணி நேரம் அழும்" என்று எழுதுங்கள். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். நல்லதுதான்.

கேட்கிறவரிடம் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடென்றால் ஓனருக்குத் தெரியுமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று விசாரியுங்கள். அசோசியேஷன் விடாது என்று தயங்கினால், அடுக்குமாடியில் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருப்பதைக் காட்டுங்கள். பிறந்தநாள் பரிசாகக் கேட்பவருக்கும், மொட்டை மாடியில் காவலுக்குக் கட்டிப்போடக் கேட்பவருக்கும் மறுத்துவிடுங்கள். ஒருமுறை வீட்டை நேரில் பாருங்கள். பால்கனிக் கம்பியிடையே தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், வலை அடித்த பிறகுதான் குட்டி.

கொடுப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், பகல் முழுக்க இடம் பழகும். தீபாவளி வாரத்தில் வேண்டாம், வெடிச் சத்தத்தில் புது வீட்டிலிருந்து ஓடினால் திரும்பி வர அதற்கு வழி தெரியாது. அது படுத்த பழைய துணியும், நீங்கள் கொடுத்த அதே தீனி ஐந்து நாளைக்கும் கூடவே போகட்டும். பசும்பால் ஊற்றக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். பல குட்டிகளுக்கு அது பேதி ஆகும், புது வீட்டுக்காரர் பார்வோ என்று பயந்துவிடுவார்.

ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வளர்க்க முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், 6 மாதம் ஆனதும் கருத்தடை செய்ய வேண்டும். பெண் குட்டிக்கு முதல் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) அந்த வயதிலேயே வரலாம், அதனால் ஐந்தரை மாதத்தில் நீங்களே போன் போட்டு, கருத்தடைக்குத் தேதி வாங்கிவிட்டார்களா என்று கேளுங்கள்.