ஜக்கரண்டாவை விடுங்கள், புல்லைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவின் லாடியம் பகுதியில் இருக்கிறோம். அக்டோபரில் வாசல் ஜக்கரண்டா பூத்ததும் எனக்குத் தும்மல், கண் அரிப்பு. மரத்தை வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஜக்கரண்டா தேனீக்களை நம்பிப் பூக்கும் மரம். அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் அவ்வளவாகப் பறக்காது. அதே வாரங்களில் ஹைவெல்ட் எனும் நம் மேட்டுநிலப் புற்களும் கதிர் விடத் தொடங்குகின்றன. ஊதாப் பூ எல்லோர் கண்ணிலும் படுகிறது, புல்லின் பூ படுவதில்லை. பழி மரத்துக்குப் போகிறது. தும்மல் ஆகஸ்டு கடைசியிலேயே வந்தால் சாலையோர பிளேன் மரத்தைச் சந்தேகிக்கலாம். அது சில வாரங்களில் ஓய்ந்துவிடும். புல் கோடை முழுக்க விடாது.

உங்கள் புல்தரையைக் குனிந்து பாருங்கள். தண்டு நுனியில் நான்கைந்து விரல்களை விரித்தாற்போல் மெல்லிய கதிர்கள் இருந்தால் அது அருகம்புல், பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்தான். ஒட்ட வெட்டிய தரையில் காலையில் வெள்ளை நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்தால் அது கிக்குயு என்ற புல். கதிர் வருமுன்பே வெட்டிவிட வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர் வெட்டட்டும். துணியை வெளியே காயப்போடாதீர்கள்.

எது ஒவ்வாமை என்று கண்டறியும் தோல் பரிசோதனைக்குப் போனால் அருகம்புல்லுக்குத் தனியாகச் சொட்டு வைக்கிறார்களா என்று கேளுங்கள். குளிர்நாட்டு ரை புல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தப்பிவிடக்கூடும், இரண்டும் வேறு வேறு கிளையைச் சேர்ந்தவை. செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் தோல் தடிக்காது, முடிவு பொய்யாகிவிடும். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை நிறுத்தத் தேவையில்லை.

அந்த ஸ்ப்ரேயைப் பலர் 'கேட்கவில்லை' என்று பாதியில் விடுகிறார்கள். முழுப் பலன் தெரிய 1 முதல் 2 வாரம் ஆகும். அதனால் மருத்துவரைக் கேட்டு செப்டம்பர் நடுவிலேயே தொடங்கித் தினமும் அடியுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கையால், முனை அதே பக்கத்துக் காதைப் பார்க்கும்படி பிடித்து அடிக்க வேண்டும். மூக்கின் நடுச்சுவரில் பட்டால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். அடைப்பு நீக்கும் ஆக்சிமெட்டாசோலின் சொட்டு வேறு வகை மருந்து. 5 நாளுக்கு மேல் போட்டால், விட்டதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும்.

மாலையில் இடி மின்னல் கூடும்போது உள்ளே வந்து ஜன்னலை மூடுங்கள். ஈரத்தில் மகரந்தம் வெடித்து, நுரையீரல் வரை போகும் நுண்துகள்களாகிறது. நெஞ்சு இறுகினாலோ மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்; மூச்சு விட்டுப் பேச முடியாவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு.